கயிற்று மணிக்குப் பதில் ஒரு சிவப்புப் புள்ளி

யாங்கோனில் மாடி வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். லிஃப்ட் இல்லாத ஐந்தாறு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவரை தொங்கும் ஒரு கயிறு. மேல்முனையில் மணி, கீழ்முனையில் கிளிப். பேப்பர்காரர் பேப்பரைக் கிளிப்பில் மாட்டிவிட்டு இழுப்பார், மேலே மணி அடிக்கும், கயிற்றை ஏற்றிக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அம்மா இழுப்பைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடுவார். ரெண்டு சின்ன இழுப்பு என்றால் பேப்பர். நீளமாக ஒன்று என்றால் அக்கா மகன், பள்ளிக்கூடம் விட்டு வந்து சாவிக்காக நிற்கிறான். காற்று அடித்தாலும் மணி சிணுங்கத்தான் செய்யும். அதற்கெல்லாம் அம்மா எழுந்திருக்க மாட்டார்.

சித்தப்பா கேட்டதும் இந்தக் கயிற்று மணியைத்தான். பயின்னவுங் மொத்தச் சந்தைப் பக்கம் அவருக்கு ஒரு சின்னக் குடோன் இருக்கிறது. இந்தியாவுக்குக் கப்பலேறுகிற உளுந்துதான் முக்கியம், இங்கே மட்பே என்பார்கள். கூடவே கொஞ்சம் பாசிப்பயறும் துவரையும். பன்னிரண்டு அடி அகல வாசல், தகரக் கூரை. கணக்குப் பார்க்க உள்ளறைக்குப் போய்விட்டால் வாசலில் யார் நுழைகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. "தம்பி, ரேடியோ எல்லாம் பிரிச்சுப் போடுறியே, ஆள் நுழைஞ்சா எனக்கு ஒரு சத்தம் கேக்குற மாதிரி பண்ணிக் குடேன். ஒரு கயிறு கட்டினாக்கூடப் போதும்" என்றார். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினால் ஐம்பது கிலோ மூட்டையோடு வருகிறவர் தடுக்கி விழுவார். வெளிச்சத்தைக் கட்டலாம் என்று நினைத்தேன்.

ஒரு பக்கம் லேசர், மறுபக்கம் ஒரு சென்சார், நடுவில் ஆள் வந்தால் மணி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை என்றுதான் நினைத்தேன். பிப்ரவரியில் ஆரம்பித்தது மே மாதம்தான் முடிந்தது. லேசரை எரியவைப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அதைச் சரியாகச் சிமிட்டவைப்பதில்தான் மூன்று மாதமும் போனது.

லேசர் என்று நான் சொல்வது 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பித்தளைக் குழாய். பின்னால் சிவப்பும் நீலமுமாக இரண்டு வயர், 5 வோல்ட், 650 நானோமீட்டர் சிவப்பு வெளிச்சம். 5 மில்லிவாட் என்று சொல்லி விற்பார்கள். பச்சை லேசர் பக்கம் போகவில்லை. மலிவான பச்சை லேசர்களில் பெரும்பாலும் உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடு ஒன்று படிகத்தைத் தூண்டி, அது இன்னொரு படிகத்தில் மாறி 532 நானோமீட்டர் பச்சையாக வெளியே வரும். இத்தனை கை மாறி வருகிற வெளிச்சத்தைச் சட்சட்டென்று அணைத்து ஏற்றினால் அது நிலைப்படவே நேரம் எடுக்கும். அதோடு மலிவான பச்சையில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். சிவப்பில் இந்தத் தொல்லை இல்லை. டயோடு கொடுப்பதே வெளியே வருகிறது.

முதல் லேசரைக் கொன்றது நான்தான். குழாயின் பின்னால் உள்ள சுண்டைக்காய் அளவு பலகையில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். 910 என்று எழுதியிருப்பார்கள். அது 910 ஓம் இல்லை, கடைசி இலக்கம் பின்னால் எத்தனை பூஜ்யம் என்பதற்கு, இங்கே ஒன்றும் இல்லை, ஆகவே 91 ஓம். 5 வோல்ட்டில் டயோடு சுமார் 2.2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 2.8, அதை 91-ஆல் வகுத்தால் 30 மில்லிஆம்ப். அந்த ரெசிஸ்டரைத் தாண்டி நேராக டயோடைப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். மேசை சப்ளையில் கரண்ட் லிமிட்டை 30 மில்லிஆம்பில் வைத்திருக்கிறேனே என்ற தைரியம். வயரைத் தொட்டதும் பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். லிமிட் வேலைக்கு வருவதற்குள் சப்ளையின் வாயிலிருந்த கெபாசிட்டரில் தேங்கியிருந்த கரண்ட் மொத்தமும் டயோடுக்குள் பாய்ந்துவிட்டது.

செத்த லேசர் அணைந்துபோகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கரண்ட் கொடுத்தால் எரிகிறது, ஆனால் கூர்மையான புள்ளி இல்லை. மங்கலாக, வெறும் எல்இடி மாதிரி சிவந்துகொண்டிருந்தது. லேசர் டயோடுக்கு ஒரு வாசல் கரண்ட் உண்டு, இந்த மாதிரிச் சின்னவற்றில் 20 மில்லிஆம்ப் சுற்றுவட்டாரம். அதற்குக் கீழே அதுவும் எல்இடிதான். அதைத் தாண்டினால்தான் லேசர், தாண்டிய பிறகு ஒவ்வொரு மில்லிஆம்புக்கும் வெளிச்சம் விறுவிறுவென்று ஏறும். அளவுக்கு மேல் ஏற்றினால் வெளிச்சம் வெளியேறுகிற கண்ணாடி முகமே கருகிவிடும். மற்ற டயோடுகள் சூடாகி, வாடை வந்து, எச்சரித்துச் சாகும். இது எச்சரிக்காது. அடுத்த லேசரில் அந்த 91 ஓமை நான் தொடவே இல்லை.

சிமிட்டலுக்கு, நேரம் குறித்து அணைத்து ஏற்றுகிற 555 ஐசி. ஹான்ஸ் காமென்சிண்ட் வடிவமைத்து, சிக்னெட்டிக்ஸ் கம்பெனி 1972-இல் சந்தைக்கு விட்டது. ஐம்பது வருடம் தாண்டியும் எந்த ஸ்பேர் கடையில் கேட்டாலும் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். வேகத்துக்கான கணக்கு சுலபம்: முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதின் இரண்டு மடங்கைக் கூட்டி, கெபாசிட்டரால் பெருக்கி, 1.44-ஐ அதால் வகுக்க வேண்டும். 10 கிலோஓம், 68 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் போட்டேன். செகண்டுக்கு ஒரு சிமிட்டு.

555-இன் வாயிலிருந்து நேராக லேசரை ஓட்டினால் மங்கும். 5 வோல்ட் சப்ளையில் அது ஏற்றிக் கொடுப்பது மூணே கால், மூணரை வோல்ட்தான். ஆகவே நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், அதன் பேஸ் காலுக்கு 1 கிலோஓம். இங்கே ஒரு மாலை முழுவதும் வீணானது. கையில் இருந்தது பிசி547. தட்டை முகம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அது போதாதோ என்று பிஎன்2222 மாற்றினேன். அதில் வரிசை தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். அதே 2222-இல் பி2என்2222 என்று இன்னொரு வகை உண்டு, அது மறுபடியும் பிசி547 வரிசை. பெயரில் ஓர் எழுத்து இடம் மாறினால் கால்கள் புரண்டுவிடுகின்றன. இப்போதெல்லாம் எந்த டிரான்சிஸ்டராக இருந்தாலும் மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் ஈயம் வைக்கிறேன். 30 மில்லிஆம்புக்குப் பழைய பிசி547-ஏ தாராளம் என்பது வேறு விஷயம்.

அன்று இரவு கரண்ட் போன நேரத்தில் அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எங்கள் பேட்டையில் கரண்ட் முறைவைத்து வரும், முறைவைத்துப் போகும். இருட்டில் சுவரில் சிவப்புப் புள்ளி தோன்றி மறைந்துகொண்டிருந்தது. "மாமா, இதைக் கொஞ்சம் மங்கலாக்குங்களேன்" என்றான். வோல்ட்டைக் குறைத்துக் காட்டினேன். எல்இடியாக இருந்தால் மெல்ல மெல்ல மங்கும். இது பாதிவரை மங்கி, திடீரென்று புள்ளியே கலைந்து போய்விட்டது. வாசல் கரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டோம்.

லேசரை மங்கலாக்க ஒழுங்கான வழி, முழுக் கரண்டில் எரியவிட்டு, எரிகிற நேரத்தைக் குறைப்பது. இரண்டு 1என்4148 டயோடும், திருகிக் கூட்டிக் குறைக்கிற 100 கிலோஓம் ரெசிஸ்டர் (பாட்) ஒன்றும் போட்டு, கெபாசிட்டரை 100 நானோஃபாரடாக மாற்றினேன். செகண்டுக்கு ஏறக்குறைய 140 சிமிட்டு. பாட்டைத் திருப்பினால் சிமிட்டின் எண்ணிக்கை மாறாது, ஒவ்வொன்றிலும் எரிகிற பங்கு மட்டும் கூடும், குறையும். கண்ணுக்கு இது சிமிட்டாகவே தெரியாது, வெளிச்சம் கூடிக் குறைவதாகத்தான் படும். அவன் நம்பவில்லை. "எரிஞ்சுக்கிட்டேதான இருக்கு?"

மணிக்கட்டை வெடுக்கென்று ஆட்டி, புள்ளியைச் சுவரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டினேன். சுவரில் கோடு விழவில்லை. துண்டு துண்டாகச் சிவப்புக் கீற்றுகள் விழுந்தன, சாலையின் நடுவில் வெள்ளை அடித்த மாதிரி. பாட்டை ஒரு பக்கம் திருப்பி ஆட்டினால் கீற்று அரிசி அளவு, இடைவெளி பெரிது. மறுபக்கம் திருப்பினால் கீற்று விரல் நீளம், இடைவெளி ஊசி அளவு. பையன் பாட்டைத் திருப்ப நான் ஆட்ட, நான் திருப்ப அவன் ஆட்ட, கரண்ட் வரும்வரை இதுவே வேலை. ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது. ஆட்டுகிறபோது எதிரே ஆளும் இருக்கக் கூடாது, நிலைக்கண்ணாடியும் இருக்கக் கூடாது. பீரோக் கண்ணாடிமேல் முதலில் ஒரு போர்வையைப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

சரி, சிமிட்டல் எதற்கு? லேசரைச் சும்மா எரியவிட்டு எதிரே சென்சார் வைத்தால் போதாதா? இருட்டில் போதும், பகலில் போதாது. உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 மில்லிவாட். நான் வைத்த சென்சாரின் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர், நேர் வெயில் பட்டால் அதில் விழுவது ஏழு மில்லிவாட்டுக்கு மேல். என் லேசர் முழுசாகக் கொடுப்பதே ஐந்து. ஆள் குறுக்கே நின்று லேசரை மறைத்தாலும், வெயில் இருக்கும்வரை சென்சாருக்கு எல்லாம் வெளிச்சமாகத்தான் இருக்கும். ஆனால் வெயில் சிமிட்டாது. அம்மா மணியைக் கேட்கிற மாதிரிதான் சென்சாரும் கேட்க வேண்டும்.

முதலில் எல்டிஆர் போட்டேன், வெளிச்சம் பட்டால் தடை குறைகிற ரெசிஸ்டர், வீட்டில் இருந்தது என்பதற்காக. செகண்டுக்குப் பத்து சிமிட்டுவரை பின்னால் ஓடி வந்தது, நூறில் மூச்சு வாங்கியது. வெளிச்சம் போன பிறகு எல்டிஆர் பழைய நிலைக்குத் திரும்பவே பல பத்து மில்லிசெகண்டு ஆகும். அடுத்து டிவி ரிமோட்டுக்கு வைக்கிற மூன்று கால் ரிசீவர். அதற்குச் சிமிட்டல் மொழி தெரியும், 38 கிலோஹெர்ட்ஸை, அதாவது செகண்டுக்கு 38 ஆயிரம் சிமிட்டைத் தேடிப் பிடிக்கும். ஆனால் அதன் கறுப்பு உடம்பு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடுவதற்கென்றே செய்தது. என் சிவப்பு வாசலிலேயே நின்றுவிட்டது. அதோடு இடைவிடாமல் வருகிற சிமிட்டலை அது இரைச்சல் என்று ஒதுக்கவும் பழகியது. நல்ல பொருள்தான், இந்த வேலைக்கு இல்லை.

கடைசியில் பிபிடபிள்யூ34 என்கிற ஃபோட்டோடயோடு, வெளிச்சம் பட்டால் கரண்ட் கொடுப்பது. அதற்குப் பின்னால் எல்எம்358 போட்டு இருபது மடங்கு பெருக்கி ஒரு பலகை செய்தேன், பார்க்க அழகாக இருந்தது. வேலை செய்யவில்லை. இரண்டு நாள் குழம்பிவிட்டு, பெருக்குவதற்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியது. மூன்று மில்லிவாட் சிவப்பு அதில் விழுந்தால் ஒரு மில்லிஆம்புக்கும் மேல் கரண்ட் வரும். நான் போட்டிருந்தது 10 கிலோஓம். அரை மில்லிஆம்பிலேயே 5 வோல்ட்டும் முடிந்துவிடும், அதற்கு மேல் ஏற இடமில்லை. வெயிலும் சேர்ந்தால் சென்சார் எப்போதும் உச்சியிலேயே முட்டிக்கொண்டு நிற்கும், சிமிட்டல் என்று ஒன்று வெளியே வரவே வராது. ரெசிஸ்டரை 1 கிலோஓமாகக் குறைத்தேன். சிமிட்டல் கொழுகொழுவென்று வந்தது. பெருக்கியே தேவையில்லை, பார்க்கப்போனால் குறைக்க ஒரு ப்ரீசெட், அதாவது திருகி அளவு வைக்கிற சின்ன ரெசிஸ்டர், தேவைப்பட்டது. அந்த அழகான பலகை இன்னும் டிராயரில் கிடக்கிறது.

இந்தச் சிமிட்டல் என்னுடையதுதானா என்று கேட்டுச் சொல்கிற ஆள் எல்எம்567. எட்டுக் கால் ஐசி. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் வைத்து அதற்கு ஒரு வேகத்தைச் சொல்லிக் கொடுத்தால், அந்த வேகத்தில் ஏதாவது வந்தால்தான் எட்டாம் காலின் வோல்ட்டைக் கீழே இழுக்கும். 20 மில்லிவோல்ட் இருந்தாலே அடையாளம் கண்டுகொள்ளும். வேகத்துக்கு 5.5 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டேன். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிகிற விளக்குகள் செகண்டுக்கு நூறு முறை துடிக்கும், அது வெகு கீழே. எலக்ட்ரானிக் சோக் போட்ட குழல்விளக்குகள் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. நடுவில் சந்தடி குறைவு. லேசர் பக்கத்து 555-க்கு 2.2 கிலோஓம், 12 கிலோஓம், 10 நானோஃபாரட். இந்தப் பக்கத்து 567-க்கு 22 நானோஃபாரட், 4.7 கிலோஓமோடு தொடராக ஒரு 5 கிலோஓம் ப்ரீசெட். ஐசி ஒவ்வொன்றின் சப்ளைக் காலுக்குப் பக்கத்திலும் ஒரு 100 நானோஃபாரட். 555 புரளும்போதெல்லாம் சப்ளையை ஓர் உலுக்கு உலுக்கும் என்பதால் இதில் கஞ்சத்தனம் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில லேசர் குழாய்களில் பலகையில் ரெசிஸ்டர் மட்டும் இருக்காது. வெளிச்சத்தைச் சீராக வைக்கிற டிரான்சிஸ்டரும், அதோடு ஒரு கெபாசிட்டரும் இருக்கும். அவற்றை மெதுவாகச் சிமிட்டலாம். 5 கிலோஹெர்ட்ஸில் கெபாசிட்டர் அணைவதற்குள் தாங்கிப் பிடித்துவிடும், லேசர் மங்குமே தவிர சிமிட்டாது. நான் வாங்கிய மூன்றில் ஒன்று இந்த ஜாதி.

குடோனில் மாட்டியது மார்ச் மாதம். லேசரை முழங்கால் உயரத்தில் வைத்தேன். பெரியவர்கள் கண்ணுக்குக் கீழேதான், ஆனால் குனிகிறவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் வரும், நாய் வரும். சிமிட்டினால் ஆபத்தில்லை என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிமிட்டினால் சராசரிதான் பாதியாகும், ஒவ்வொரு துடிப்பின் உச்சமும் அப்படியே இருக்கும். ஆகவே பழைய கறுப்புக் கண்ணாடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி லேசர் முகத்தில் ஒட்டினேன், உச்சமே 1 மில்லிவாட்டுக்குக் கீழே வரட்டும் என்று. அவ்வளவு குறைத்தும் பன்னிரண்டு அடி தள்ளி 567-க்கு வேண்டியதைவிடப் பல மடங்கு கிடைத்தது.

சென்சாரை ஒரு சாண் நீளக் கறுப்புக் குழாய்க்குள் தள்ளி வைத்தேன், பக்கவாட்டு வெயில் எட்டாமலிருக்க. அதை எந்தப் பக்கத் தூணில் மாட்டுவது என்று சித்தப்பாவிடம் கேட்டதற்கு, "எந்தப் பக்கமானா என்ன?" என்றார். மேற்குப் பார்த்த வாசல். யாங்கோன் ஏறக்குறைய 17 டிகிரி வடக்கில் இருப்பதால், மே தொடக்கம் முதல் ஆகஸ்ட் தொடக்கம்வரை தவிர மற்ற மாதங்களில் நடுப்பகல் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும். சென்சார் தெற்கைப் பார்த்தால் வெயிலைக் குடிக்கும். தெற்குத் தூணில் மாட்டி வடக்கைப் பார்க்க வைத்தேன். சூரியன் வடக்கே போகிற மாதங்களில் இங்கே பெரும்பாலும் மழை மூடிக்கொள்ளும்.

இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் மதியங்களில் கத்த ஆரம்பித்தது. காலையில் சமர்த்து, பன்னிரண்டரை, ஒரு மணி வாக்கில் யாரும் நுழையாமலே அலறும், சாயங்காலம் தானாகச் சரியாகிவிடும். "உன் மிஷினுக்கு வெயில் ஆகாது போலிருக்கே தம்பி" என்றார் சித்தப்பா. எனக்கும் வெயில்மேல்தான் சந்தேகம். குழாயை நீளமாக்கினேன். உள்ளே கறுப்புத் துணி ஒட்டினேன். தூணுக்கு மேலே அட்டையால் ஒரு தாழ்வாரம் கட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. சுடுபசை இளகி லேசர் தலை சாய்ந்திருக்குமோ என்று பார்த்தால் அதுவும் உண்மைதான், ஒரு நூல் சாய்ந்திருந்தது. பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மரக்கட்டையில் துளை போட்டு திருகாணியால் இறுக்கினேன். மறுநாள் மதியம் மறுபடி அலறல்.

ஏப்ரல் நடுவில் திஞ்ஞான் வந்தது, தண்ணீர்த் திருவிழா. நமக்கும் அதையொட்டியே சித்திரை பிறக்கும். சந்தை மூடிவிட்டது, தெருவில் தண்ணீர் ஊற்றிக் கும்மாளம். குடோனில் நானும் சித்தப்பாவும் மட்டும். ஆள் நடமாட்டமே இல்லாததால் முதல்முறையாக மல்டிமீட்டரை மாட்டிவைத்துவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்க முடிந்தது. காலை எட்டு மணிக்கு லேசர் பக்கத்து 555-இன் வேகம் 5.5 கிலோஹெர்ட்ஸ். பத்தரைக்கு 5.7. பதினொன்றரைக்கு 5.8. பன்னிரண்டரைக்கு 5.9-ஐத் தாண்டியதும் அலறல். ஒன்றரைக்கு 6.2. வெயில் சென்சாரை ஒன்றும் செய்யவில்லை, எதிர்த் தூணில் தகரத்துக்கு அடியில் இருந்த லேசர் பெட்டியைத்தான் வேகவைத்துக்கொண்டிருந்தது. 567 எவ்வளவு தாராளமாக இருந்தாலும் தன் வேகத்தைச் சுற்றி மொத்தமாக 14 சதவீதம்தான் விட்டுக்கொடுக்கும், இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. 5.9-க்கு மேல் போனால் அதற்கு யாரோ அந்நியன்.

பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, சூடான சால்டரிங் கம்பியை ஒவ்வொரு உறுப்பின் பக்கத்திலும் தொடாமல் பிடித்துப் பார்த்தேன். ரெசிஸ்டர்களின் பக்கத்தில் மீட்டர் அசையவில்லை. 555-இன் முதுகில் பிடித்தபோது லேசாக ஆடியது, அவ்வளவே. அடுத்து 103 என்று எழுதிய பழுப்பு நிறச் செராமிக் வில்லை, அந்த 10 நானோஃபாரட் கெபாசிட்டர். கம்பியை அரை அங்குலம் தள்ளிப் பிடித்ததுமே எண்கள் ஓட ஆரம்பித்தன: 6.2, 6.4, 6.7. கம்பியை எடுத்துவிட்டு வாயால் ஊதினேன். 6.5, 6.3. மறுபடி கம்பி, மறுபடி ஏற்றம். சித்தப்பா எழுந்து வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "இந்தக் குண்டுமணிதானா?"

இந்தக் குண்டுமணிதான். மலிவான செராமிக் வில்லைகளில் சிலவற்றின் கொள்ளளவு சூட்டில் சரசரவென்று இறங்கும். சப்ளையின் குறுக்கே இரைச்சல் அடக்க வைத்தால் பாதகமில்லை. வேகத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் வைத்தால், கொள்ளளவு இறங்க இறங்க வேகம் ஏறும். 567 பக்கம் நான் வைத்திருந்தது பச்சை நிறப் பாலியெஸ்டர், அது அசையாமல் நின்றது. இரண்டும் ஒரே ஜாதியாக இருந்திருந்தால் சேர்ந்தே நகர்ந்து இந்தக் கோளாறை எனக்குக் காட்டாமலே ஏமாற்றியிருக்கும். திருவிழா முடிந்து கடை திறந்ததும் 2ஏ103ஜே என்று முத்திரை குத்திய பச்சைப் பாலியெஸ்டர் வாங்கி மாட்டினேன். மதியம் ஒன்றரைக்கு 5.52. அதற்குப் பிறகு அந்த அலறல் இல்லை. விலை, முக்கில் குடிக்கிற ஒரு டீயைவிடக் குறைவு.

மிச்சம் இருந்தவை சில்லறை வேலைகள். காக்கை தாழப் பறந்தால் மிஷின் கத்தியது. யாங்கோன் காக்கைகளைப் பற்றித் தனியாக எழுதலாம். 567-இன் முதல் காலில் உள்ள கெபாசிட்டரை 10 மைக்ரோஃபாரடாக ஏற்றியதும், கண்ணிமைக்கிற நேர மறைப்புகளை அது சட்டை செய்வதில்லை. நடந்து போகிறவரின் கால் ஒரு பத்தில் ஒரு செகண்டாவது மறைக்கும், அது தப்பாது. ஆனால் அந்த அளவுக்கு மணி அடித்தால் உள்ளறையில் வெறும் 'டிக்' என்றுதான் கேட்டது. இன்னொரு 555 போட்டு, 100 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட், ஒரு தட்டுக்கு ஒரு செகண்டு பஸ்ஸர் என்று ஆக்கினேன்.

அதில்தான் நாய் வந்து மாட்டியது. சந்தை நாய் ஒன்று மதியத் தூக்கத்துக்கு வாசல் நிழலைத்தான் தேர்ந்தெடுக்கும், வசதியாகச் சாய்ந்துகொள்ள லேசர் தூண். அது சாய்ந்தால் லேசர் மறையும். 555-இன் இரண்டாம் காலைக் கீழே பிடித்துக்கொண்டே இருந்தால் ஒரு செகண்டு முடிந்தும் பஸ்ஸர் ஓயாது. நாய் எழுந்திருக்கிற வரை குடோன் கத்திக்கொண்டே இருந்தது, நாய் மட்டும் அசையவில்லை. இரண்டாம் காலுக்கு நேராகக் கொடுக்காமல் 10 நானோஃபாரட் ஒன்றின் வழியாகக் கொடுத்து, 10 கிலோஓமால் மேலே இழுத்துக் கட்டி, அந்தக் கெபாசிட்டர் திரும்பும்போது காலை உதைக்காமலிருக்க ஒரு 1என்4148-ஐயும் சேர்த்தேன். இப்போது நாய் படுத்தால் ஒரு தடவை மட்டும் அடிக்கும்.

மொத்தமும் சித்தப்பாவின் கடை விளக்குக்கு வைத்திருக்கிற 12 வோல்ட் பேட்டரியில், அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கிற 7805 வழியாக ஓடுகிறது. எடுத்துக்கொள்வது 35 மில்லிஆம்ப் அளவு, கரண்ட் வந்தாலும் போனாலும் அதற்குக் கவலையில்லை. போன வாரம் சித்தப்பா கூப்பிட்டு, மணி ஒரு தடவை அடித்தால் ஆளா நாயா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டார். இரண்டாவது லேசர் ஒன்றை இடுப்பு உயரத்தில், வேறு வேகத்தில், 7 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் வைத்தால் முடியும். பாலியெஸ்டர் கெபாசிட்டர் மூன்று எடுத்துவைத்திருக்கிறேன்.